மஞ்சக்குப்பத்தில் வழிகாட்டிய அம்மாவுக்கு நன்றி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் இ-சேவை மையம். மகளின் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தோடு திகைத்து நின்றேன். பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியா தம்பி? 7.5 சதவீத இட ஒதுக்கீட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டார்கள்.

அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. வட்டிக்குக் கடன் பேசி வைத்திருந்தேன்!

பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில், 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்று, சாதிச் சான்று என்று பொடி எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். “கல்லூரி வரிசையை நீயே யோசித்துப் போடு கண்ணு” என்று மகளிடமும் சொன்னார்கள். பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

அம்மா, மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. விடுதியில் சேர்த்துவிட்டு வந்தேன். அந்த டிக்கெட்டை அவள் பத்திரமாக எடுத்துப் போயிருக்கிறாள். கோடி நன்றி.