மலைப்பாட்டை மறக்காத கவிஞர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். இங்கே சிங்கப்பூரில் விடாத மழை. வெளியே நடக்கப் போக முடியாததால் ஹுவாங் சுன்சியன் என்ற சீனக் கவிஞரை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சீனாவின் குவாங்டோங் பகுதியில் 1848இல் பிறந்தவர், ஹக்கா என்ற சீன இனப் பிரிவைச் சேர்ந்தவர் இவர். 1891இல் இந்த ஊருக்கே சீனாவின் கான்சல் ஜெனரலாக வந்தவர். பழைய கவிதைகளைப் பார்த்துப் பார்த்துக் கவிஞர்கள் எழுதிய காலத்தில், 1868லேயே, ‘என் வாய் பேசுவதை என் கை எழுதும்’ என்று பாடிவிட்டார். அதற்கான தைரியத்தை அவர் ஊர் மக்கள் வாய்மொழியாகப் பாடும் மலைப்பாட்டுகள்தான் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே வருமுன் லண்டனில் இருந்தபோது அந்தப் பாட்டுகளை நினைவுகூர்ந்து எழுத உட்காருகிறார். ஊரை விட்டு வந்து வெகுநாள் ஆனதால் ஊர்ப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாய் மறந்துபோயிருக்கிறது. அரை நாள் யோசித்தும் ஒரு சொல் வரவில்லையாம். அப்போது, தோளில் சுமையோடு மலைமேட்டிலும் ஓடைக்கரையிலும் நாளெல்லாம் பாடிக்கொண்டே நடப்பவர்களை நினைத்து, ‘எவ்வளவு பெரிய திறமை அவர்களுக்கு!’ என்று வியக்கிறார். பெரும் படிப்பாளி ஒருவர் இப்படி எழுதியதைப் படித்துவிட்டு நான் அன்றைக்கு வேறெதையும் படிக்கவில்லை.

அவர் எழுதிவைத்த ஒரு பாட்டு: வண்டு கடித்த பேரிக்காயை வாங்காதே, உள்ளே இருக்கும் நோய் யாருக்கும் தெரியாது. சீனத்தில் பேரிக்காயும் ‘லி’, பிரிவும் ‘லி’. அதனால் பேரிக்காயைப் பங்கு போடுவதும் பிரிந்துபோவதும் காதுக்கு ஒன்றாகிவிடும்!

ஆனாலும் அவரால் பழைய யாப்பை முழுக்க விட முடியவில்லை. அப்புறம் 1918இல் பீக்கிங் பல்கலைக்கழகம் நாட்டுப்பாடல் திரட்ட ஆரம்பித்தது. 1922இல் அதற்கென்றே ஒரு வார இதழ் வந்தது. லியு பன்நோங் என்ற கவிஞர் படகோட்டிகளின் பாட்டுகளைத் திரட்டி, பிறகு தன் ஊர்ப் பேச்சிலேயே கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தார். ஆனால் புதுக்கவிஞர்கள் பலர் மேற்கத்தியக் கவிதைப் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

ஹுவாங் நண்பர்களைச் சேர்த்து மலைப்பாட்டுகளுக்கு ஒரு பெரிய தொகுப்பு கொண்டுவர நினைத்தார். அதற்குத் தலைமை ஏற்க, இந்தப் பாட்டில் தன்னைவிடக் கெட்டிக்காரரான நண்பர் ஒருவரைத்தான் அழைத்தார். பேரிக்காய்ப் பாட்டைத் தமிழில் செய்து பார்த்தேன், சிலேடை கைகூடவில்லை. சரி, கண் தெளிந்ததும் நீ முயன்று பார்.

உன் அன்பு நண்பன்