இரண்டு யூ, ஓர் அடிக்கோடு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் போடாததற்குப் பாதிக் காரணம் வழக்கமான சோம்பல், மீதிக் காரணம் நீ விழுந்த குழிக்குப் பக்கத்துக் குழியில் அதே வாரம் நானும் விழுந்து கிடந்தேன். என் கதையைப் பிறகு சொல்கிறேன், முதலில் உன்னுடையது.

மகளுக்கு ரெய்டு என்றால் என்ன என்று காட்டுவதற்காக ஒரு லினக்ஸ் விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) மூன்று டிஸ்க் சேர்த்து ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்கை ஒரே தொகுதியாக்குவது) கட்டியிருக்கிறாய், அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கிறது, மறுநாள் ரீபூட் செய்ததும் ஒன்றரை நிமிடம் திரை அசையாமல் நின்றுவிட்டு அவசரகால ஷெல்லில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் நீ தொகுதிக்கு வைத்த பெயரான எம்டி0-வைக் காணோம், எம்டி127 என்று ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இதைத்தானே எழுதியிருந்தாய்? டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை, தரவும் போகவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடு.

நடந்தது இதுதான். ரெய்டு கட்டும்போது எம்டிஆடம் (லினக்ஸில் ரெய்டைக் கட்டி நிர்வகிக்கும் கருவி) ஒவ்வொரு டிஸ்க்கின் தொடக்கத்திலும் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைக்கிறது. இப்போதைய 1.2 வடிவத்தில் அது தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும். சூப்பர்பிளாக் என்று சொல்கிறோமே, அதேதான். இது எந்தத் தொகுதியைச் சேர்ந்த டிஸ்க், அதில் எத்தனையாவது, எந்தக் கணினியில் பிறந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். நீ போகிற போக்கில், "அப்புறம் விஎம்மின் ஹோஸ்ட்நேமை மாற்றினேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தாய் பார், வினை அங்கேதான். பூட் ஆகும்போது எம்டிஆடம் குறிப்பைப் படிக்கிறது, பிறந்த வீட்டுப் பெயர் (அதாவது கணினியின் பெயரான ஹோஸ்ட்நேம்) வேறாக இருக்கிறது, கான்ஃபிக் கோப்பிலும் இந்தத் தொகுதியைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி, யாரோ வெளியாள் என்று முடிவுகட்டி, 127-இல் தொடங்கிக் கீழ்நோக்கிக் காலியாக உள்ள எண் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. எஃப்ஸ்டாப்பில் (பூட்டின்போது எதை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பு) நீ எம்டி0 என்று எழுதி வைத்திருக்கிறாய். பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி அதற்காக 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டு, வரவில்லை என்று கைவிரித்துவிட்டது.

எம்டிஆடத்தின் டீடெயில் ஸ்கேன் கட்டளை கொடுக்கும் வரியை எம்டிஆடம்.கான்ஃப் கோப்பில் சேர். டெபியன் வழிவந்தவற்றில் அது ஈடிசி என்ற அமைப்புக் கோப்பு அடைவுக்குள் எம்டிஆடம் என்ற துணை அடைவில் இருக்கும், ரெட்ஹேட் வழிவந்தவற்றில் நேராக ஈடிசி-யிலேயே இருக்கும். அந்த வரியில் எம்டி127 என்றே வந்தால் கையால் எம்டி0 என்று திருத்திவிடு. ஒரு முறைதான் சேர்க்க வேண்டும். வரவில்லையே வரவில்லையே என்று நாலு முறை சேர்த்து, ஒரே தொகுதிக்கு நாலு வரி வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன் (ஒருவரைக் கண்ணாடியிலேயே பார்த்தேன்). அப்புறம், எல்லோரும் மறக்கும் வேலை: இனிட்ராம்எஃப்எஸ் என்ற பூட் பொட்டலத்தைப் புதுப்பிக்க வேண்டும். பூட்டின் தொடக்கத்தில் வேலை செய்வது அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கும் பழைய கான்ஃபிக் நகல்தான், நீ இப்போது திருத்திய கோப்பு அதன் கண்ணுக்கே படாது. அதற்கான கட்டளை டெபியன் குடும்பத்தில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ரெட்ஹேட் பக்கம் டிராகட்.

எஃப்ஸ்டாப்பில் எம்டி0 என்ற பெயரையே எழுதாதே, யுயுஐடி (பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்) போடு, நோஃபெயில் என்று ஒரு சொல்லும் சேர்த்துக்கொள். அடுத்த தடவை தொகுதி எழும்பாவிட்டாலும் கணினியாவது எழும்பும். இதில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே இரண்டு யுயுஐடி உண்டு. எம்டிஆடம் காட்டுவது தொகுதியினுடையது, எட்டு எட்டு எழுத்தாக நாலு துண்டு, நடுவில் முக்காற்புள்ளி. பிளாக்ஐடி கட்டளை எம்டி0-வுக்குக் காட்டுவது கோப்புமுறையினுடையது, நடுவில் சிறுகோடு. எஃப்ஸ்டாப்புக்கு வேண்டியது சிறுகோடு போட்டது. நான் ஒரு முழு மாலைப்பொழுதை முக்காற்புள்ளிக்குத் தாரைவார்த்தேன்.

இன்னொன்று, கட்டிய உடனேயே எம்டிஸ்டாட்டில் (தொகுதியின் நிலையைக் காட்டும் கோப்பு) இரண்டு யூ, ஓர் அடிக்கோடு என்று காட்டியதை (யூ என்றால் வேலையில் உள்ள டிஸ்க், அடிக்கோடு என்றால் வேலையில் இல்லாதது) பார்த்து மூன்றாவது டிஸ்க் பழுது என்று நீ பதறியதாக எழுதியிருந்தாய். அது பழுது இல்லை. ரெய்டு 5-ஐப் புதிதாகக் கட்டும்போது எம்டிஆடம் வேண்டுமென்றே கடைசி டிஸ்க்கை உதிரியாக வைத்து, மற்றவற்றைப் படித்து அதன் மேல் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டே போகும். மூன்றையும் படித்துச் சரிபார்த்துத் திருத்துவதைவிட இது வேகமான வழி. முடிந்ததும் அடிக்கோடு இருந்த இடத்தில் மூன்றாவது யூ வந்துவிடும். அது ஓடும்போதே கோப்புமுறை போடலாம், எழுதலாம், ஒன்றும் ஆகாது. மெதுவாக ஓடியது என்றால், மூன்று மெய்நிகர் டிஸ்க்கும் ஒரே நிஜ டிஸ்க்கில் கிடப்பதால்தான். பாவம் அது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் படித்து மூன்றாவது இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

இதை மகளிடம் கட்டாயம் சொல். ஒரே நிஜ டிஸ்க்கில் மூன்று கோப்பாகக் கிடக்கும் ரெய்டு எதையும் காப்பாற்றாது, அடியில் உள்ளது போனால் மூன்றும் சேர்ந்தே போகும். பழகுவதற்கு மட்டும்தான் இது. ஆனால் பழகுவதற்கு இதைவிட நல்ல இடமும் கிடையாது. ஒரு டிஸ்க்கை ஃபெயில் என்று குறி, நீக்கு, சேர், அடிக்கோடு யூவாக மாறுவதை அவளே உட்கார்ந்து பார்க்கட்டும்.

இனி என் கதை. மேலே நீட்டி முழக்கிய உபதேசத்தை நானே மீறினேன் என்பதுதான் சுருக்கம். என்னிடமும் ஒரு சோதனை விஎம், மூன்று 20 ஜிபி டிஸ்க், ரெய்டு 5, ஆக 40 ஜிபி இடம். சோதனைக்கு என்று கட்டியதில் கொஞ்சம் கொஞ்சமாக நிஜப் பொருள் குடியேறிவிட்டது, கடைசியில் பார்த்தால் அப்பாவின் கையெழுத்துப் பக்கங்களை ஸ்கேன் செய்தது முழுக்க அங்கேதான் இருந்தது, வேறெங்கும் இல்லை. திட்டாதே, நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாயிற்று.

கெர்னல் மாற்றுவதற்கு முன் விஎம்மை அணைத்துவிட்டு ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிப் போவதற்கு அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து வைத்திருந்தேன். சில வாரம் கழித்து ஏதோ சரிப்படவில்லை என்று அதற்குத் திரும்பினேன். மூன்று டிஸ்க்கில் ஒன்றை மட்டும் என்றைக்கோ ஸ்னாப்ஷாட்டில் சேராதபடி அமைத்து வைத்தது நினைவிலேயே இல்லை. விளைவு, எஸ்டிபி, எஸ்டிசி என்ற இரண்டு டிஸ்க்கும் பல வாரம் பின்னோக்கிப் போய்விட்டன, மூன்றாவதான எஸ்டிடி மட்டும் நிகழ்காலத்தில் நிற்கிறது. பூட் செய்தால், ஒரே ஒரு டிஸ்க் வைத்துக்கொண்டு தொகுதியைத் தொடங்க முடியாது என்கிறது. மூன்றும் கண்ணெதிரே இருக்க, ஒன்று என்று எதைச் சொல்கிறது?

அந்த நேரத்தில் கை எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். அந்தக் காலத்து ரெய்டுடூல்ஸ் நினைவிருக்கிறதா, ரெய்டுடேப் கோப்பில் டிஸ்க் வரிசையைக் கையால் எழுதுவோமே, அதில் 'ரியலி-ஃபோர்ஸ்' என்று ஒரு விருப்பம் இருந்தது. கொடுத்தால், ஐந்து விநாடியில் எல்லாவற்றையும் அழிக்கப்போகிறேன், சந்தேகம் இருந்தால் கன்ட்ரோல்-சி அழுத்து என்று சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கும். அந்த ஐந்து விநாடியில் நீ ஒரு தடவை விசைப்பலகை மேலேயே பாய்ந்தாய். இப்போதைய எம்டிஆடத்தின் அசெம்பிள் ஃபோர்ஸ் (தொகுதியைக் கட்டாயப்படுத்தி எழுப்புவது) அப்படியெல்லாம் எண்ணுவதில்லை, அமைதியாக வேலையை முடித்துவிடும். தட்டிவிட்டேன், என்டர் மட்டும் பாக்கி. அப்போதுதான் ஏனோ நிறுத்தி, மூன்றுக்கும் எக்ஸாமின் (சூப்பர்பிளாக்கைப் படித்துக் காட்டும் கட்டளை) ஓட்டிப் பார்த்தேன்.

எஸ்டிபி: ஈவென்ட்ஸ் 412. எஸ்டிசி: 412. எஸ்டிடி: 1893.

இந்த எண் தொகுதியின் நிலை மாறும்போதெல்லாம் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்து ஏறுவது. யார் பின்தங்கியிருக்கிறார் என்று எம்டிஆடம் பார்ப்பது இதை வைத்துத்தான். அதிக எண் உள்ளவன் நிகழ்காலம், மற்றவர்கள் காலாவதி. அதனால் எஸ்டிடி-யைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டது, ஒன்று என்று சொன்னது இதைத்தான். வழக்கமான பழுதில் இந்தத் தர்க்கம் சரி, கேபிள் கழன்ற டிஸ்க்தான் பின்தங்கும். என் விஷயத்தில் நேர் தலைகீழ்! பழைய இரண்டும் ஒரே நொடியைச் சேர்ந்தவை, ஒன்றுக்கொன்று பொருந்துபவை, மூன்றில் இரண்டு இருந்தாலே ரெய்டு 5-க்குப் போதும். நான் என்டர் அழுத்தியிருந்தால் ஃபோர்ஸ் என்ன செய்திருக்கும் தெரியுமா? நிகழ்கால டிஸ்க்கை வைத்துக்கொண்டு, பழையவற்றின் எண்ணையும் அதற்குச் சமமாக்கி ஜோடி சேர்த்திருக்கும். நேற்றைய பாதியும் இன்றைய பாதியுமாகக் கலந்த கோப்புமுறை, அதன் மேல் எஃப்எஸ்சிகே (கோப்புமுறையைச் சோதித்துத் திருத்தும் நிரல்) வேறு. அப்பாவின் கையெழுத்தைக் கடைசியாகப் பார்த்தது அன்றாகத்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நிதானமாகவே செய்தேன். விஎம்மை அணைத்து, மூன்று டிஸ்க் கோப்புகளையும் வேறு இடத்துக்கு நகலெடுத்தேன். விஎம்மில் உள்ள ஒரே பெரிய வசதி இது, நிஜ டிஸ்க் என்றால் இவ்வளவு சுலபமில்லை. (நகலையும் மூலத்தையும் ஒரே விஎம்மில் மாட்டிவிடாதே, இரண்டிலும் ஒரே சூப்பர்பிளாக், எம்டிஆடம் குழம்பிப்போகும்.) பிறகு அரைகுறையாக எழும்பி நின்ற தொகுதியை ஸ்டாப் செய்தேன். இதைச் செய்யாமல் எதைத் தொட்டாலும் டிஸ்க் பிஸி என்றே பதில் வரும். எஸ்டிபி, எஸ்டிசி இரண்டின் பெயரை மட்டும் கொடுத்து, ரீட்-ஒன்லி, ரன் என்று சொல்லி அசெம்பிள் செய்தேன். எழும்பியது. மவுன்ட்டும் ரீட்-ஒன்லியாகவே. கோப்புகள் அத்தனையும் இருந்தன, ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு ஸ்கேன் செய்த பதினோரு பக்கம் தவிர. அவற்றின் மூலத்தாள் அலமாரியில் இருக்கிறது, மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்த பிறகுதான் தொகுதியை எழுதும் நிலைக்கு மாற்றினேன். எஸ்டிடி-யின் சூப்பர்பிளாக்கை ஜீரோ செய்துவிட்டுத்தான் திரும்பச் சேர்த்தேன். அப்படியே விட்டிருந்தால் அடுத்த பூட்டில் நான்தான் புதியவன் என்று 1893-ஐக் காட்டிக்கொண்டு மறுபடி வம்புக்கு வந்திருக்கும்.

இடையில் இணையத்தில் தேடியபோது, தொகுதியைப் புதிதாகக் கட்டும் க்ரியேட் கட்டளையை அஸ்யூம்-க்ளீன் (டிஸ்க்குகள் ஏற்கெனவே ஒத்திருக்கின்றன என்று கொள்) சேர்த்து மறுபடி ஓட்டு, சரியாகிவிடும் என்று தைரியமாக எழுதியிருந்தார்கள். டிஸ்க் வரிசை, சங்க் (டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் துண்டு) அளவு, தரவு தொடங்கும் இடம் மூன்றும் பழையபடியே அமைந்தால் சரியாகும்தான். எம்டிஆடத்தின் பதிப்பு மாறினால் கடைசியாகச் சொன்னது மாறக்கூடும், அது திரையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாது. அஸ்யூம்-க்ளீன் போட மறந்தால் இன்னும் மோசம், கடைசி டிஸ்க்கின் மேல் எழுதத் தொடங்கிவிடும். நகல் கையில் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதே.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. எனக்குக் கண்ணாடி மறுபடி மாறிவிட்டது, டெர்மினல் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இப்போது ஒரு திரைக்கு இருபது வரிதான் கொள்கிறது. ஹோஸ்ட்நேமைப் பழையபடி மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய், வேண்டாம், கான்ஃபிக்கில் வரி சேர்ப்பதே போதும். அதைச் செய்தும் எம்டி127 என்றே வந்தால், எதையும் தொடாமல் மூன்று டிஸ்க்கின் எக்ஸாமின் வெளியீட்டையும் எம்டிஆடம்.கான்ஃப்பையும் அப்படியே எனக்கு அனுப்பு. மகளையே அனுப்பச் சொல், நீ வெட்டி ஒட்டும்போது பாதியை விட்டுவிடுவாய்.

உன்,
பழைய அறைத்தோழன்