நீ அனுப்பிய நாலு எழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ குரூப்பில் போட்ட படத்தைப் பார்த்தேன். ஆளின் சுபாவத்தை நாலு எழுத்தில் சொல்கிற மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்டில் உனக்கு வந்த ஐ.என்.எஃப்.பி. என்று நாலு எழுத்து, பக்கத்தில் பச்சை கலரில் ஒரு பொம்மை, கீழே "இப்பத்தான் எல்லாம் புரியுது" என்று நீ எழுதியிருந்தது. தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், சித்தி வாழ்த்துகள் என்று போட்டாள், ஏதோ அவார்டு வாங்கிவிட்டாய் என்று நினைத்திருப்பாள். என்னம்மா புரிந்தது என்று கேட்கத்தான் அன்று ராத்திரி போன் செய்தேன். எடுக்கவில்லை. பிஸி, அப்புறம் கூப்பிடுறேன் என்று மெசேஜ் வந்தது, அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. சரி, கோபம் இல்லை. சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ரிட்டையர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை, அந்த டெஸ்டைப் பற்றி உட்கார்ந்து படித்துவிட்டேன். அதைச் செய்தது ஒரு அம்மாவும் மகளும், தெரியுமா உனக்கு? அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்று ஒரு அம்மா. மகள் இசபெல் கட்டிக்கொள்ளப் போகிற பையனைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறாள். பையன் நல்லவன்தான், ஆனால் நம் வீட்டு ஆட்களின் போக்கே இல்லையே, ஏன் இப்படி என்று அந்த அம்மா யோசிக்க ஆரம்பித்ததில்தான் சங்கதி தொடங்குகிறது. (உன் அம்மாவும் பெரிய மாப்பிள்ளையைப் பார்த்த அன்று இதையேதான் கேட்டாள், டெஸ்ட் ஒன்றும் எழுதவில்லை.) அப்புறம் மனோதத்துவ மேதை யுங் ஆட்களின் சுபாவ வகைகளைப் பற்றி 1921-இல் எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் சண்டைக்குப் போய்விட, ஃபேக்டரிக்கும் ஆபீசுக்கும் புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு எது ஒத்துவரும் என்று பார்க்கத்தான் மகள் இந்தக் கேள்விகளைத் தயார் செய்தாள். இரண்டு பேரும் மனோதத்துவம் முறையாகப் படித்தவர்கள் இல்லை, மகள் துப்பறியும் நாவல் எழுதியவள். அதற்காக நான் அவர்களைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளையின் போக்கு பிடிபடாத ஒரு தாயார் புத்தகம் புத்தகமாகப் புரட்டியிருக்கிறாள், அதில் என்ன தப்பு.

ஆனால் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதே டெஸ்டைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் நிறைய பேருக்கு எழுத்து மாறி வருகிறது. ஏனென்றால் ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் நடுவில்தான் நிற்கிறார்கள், டெஸ்ட் நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்துவிடுகிறது. பரீட்சையில் 34 எடுத்தவன் ஃபெயில், 36 எடுத்தவன் பாஸ் என்கிற மாதிரி. சுத்தமான உள்முகம் (தனிமை நாடுகிறவன்), சுத்தமான வெளிமுகம் (கூட்டம் நாடுகிறவன்) என்று யாரும் கிடையாது என்பது யுங்கே ஒத்துக்கொண்டதுதான். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று டெஸ்டை விற்கிறவர்களே சொல்கிறார்கள். ஆள் எடுக்கவே கூடாதென்றால், வேலையை விடுவதற்கு மட்டும் எப்படிப் பயன்படுத்துவது?

விடப் போகிறாய் என்று நான் சொல்லவில்லை. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

நான் நினைப்பது இதுதான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதினது எந்தப் பாப்பா? கூட்டம் பிடிக்குமா, தனியாக இருக்கப் பிடிக்குமா என்று கேட்டிருப்பான். கூட இருந்த பெண் கல்யாணம் ஆகிப் போனதிலிருந்து புனே பக்கம் ஹிஞ்சவடியில் அந்த ஃப்ளாட்டில் தனியாக இருந்து, மத்தியானம் ஆரம்பித்து ராத்திரி 11 மணிக்கு முடிகிற ஷிஃப்டில் ஓடிக் களைத்த பாப்பா என்ன பதில் சொல்லியிருப்பாள்? ஆளை விட்டால் போதும் என்றுதான் சொல்வாள். எனக்குத் தெரிந்த பாப்பா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டு நின்று பஸ்சையே விட்டவள். பொங்கலுக்கு வந்தபோது மாடியை விட்டு இறங்கவில்லை, அத்தை வந்து உட்கார்ந்திருந்தாள், நீ தலைவலி என்றாய். இன்ட்ரோவெர்ட் (அந்த உள்முகம்தான்) என்றால் அப்படித்தான்ப்பா என்று தம்பி எனக்குப் பாடம் எடுக்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்ரீவைகுண்டம் விஷயத்திலும் முதலில் எல்லாரும் சுபாவம், சுபாவம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

இந்த டைப்புக்கு எழுத்தாளர், கவுன்சலிங், ஓவியம் என்று லிஸ்ட் கொடுத்திருக்கிறானாமே, தம்பி காட்டினான். நீ பார்க்கிற வேலை, சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற டெஸ்டிங் வேலை, அந்த லிஸ்டில் இல்லை. இருக்காது. ஆனால் பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில், நாலு பெரியவர்கள் பார்த்து ஓகே சொன்ன ப்ரூஃபில், முகூர்த்த நேரம் தப்பு என்று விரல் வைத்தது ஏழாவது படித்த நீ. ரேஷன் கார்டில் ஆச்சி பெயரில் விட்டுப்போன எழுத்தைப் பிடித்ததும் நீ. அதற்காகப் பத்து நாள் நீ பெருமையாகத் திரிந்ததை மறந்துவிட்டாயா? பக் பிடித்தேன்ப்பா, யாரும் பார்க்காததை நான் பார்த்துவிட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில் கத்துவாயே, அந்தச் சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேங்க் நண்பர்களிடம் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமை அடிக்கிறேன்.

ஹாலண்ட் என்று ஒரு அமெரிக்க மனோதத்துவக்காரர், ஆளுக்கும் வேலைக்கும் பொருத்தம் பார்க்க 1959-இல் ஒரு வழி சொன்னார், எனக்கு அது கொஞ்சம் பிடித்தது. ஆட்களை ஆறு தினுசாகப் பிரிக்கிறார்: கையால் செய்கிறவன், ஆராய்கிறவன், கலைக்காரன், மனுஷரோடு பழகுகிறவன், நடத்தி முன்னேறுகிறவன், கணக்கு வழக்கு ஒழுங்காக வைக்கிறவன். வேலை செய்கிற இடத்தையும் அதே ஆறாகப் பிரிக்கிறார், அங்கேதான் விஷயம் இருக்கிறது. நீ யார் என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், உன்னைச் சுற்றி இருப்பவர்கள் யார், அங்கே எதற்கு மதிப்பு என்றும் கேட்கிறார். அதனால் வேலை பிடிக்கவில்லையா, அந்த டீம் பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பார். புது மேனேஜர் வந்தபின் நீ போனில் கத்துவது நின்றுவிட்டது, அம்மா கவனித்திருக்கிறாள். ஆனால் அப்படிப் பொருத்தம் பார்த்துப் போனவர்கள் எல்லாம் சந்தோஷமாக இருக்கிறார்களா என்றால், ஆராய்ச்சி செய்தவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு அப்படி வரவில்லை. பொறுப்பாக முடிக்கிற குணம் எந்த வேலையிலும் கை கொடுக்கிறது, கவலைப்படுகிற குணம் எந்த வேலையிலும் திருப்தியைக் குறைக்கிறது, இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வருகிறது. முதலாவது என்னிடமிருந்து வந்தது, இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அம்மா இந்த மெயிலைப் படிப்பாள்.

என்னைப் பார்த்தவர்கள் என்ன எழுத்து கொடுப்பார்கள்? கேஷ் கவுண்டரில் கம்பிக்குப் பின்னால் நோட்டு எண்ணிக்கொண்டு வாயைத் திறக்காத ஆள், கஸ்டமர்கள் எனக்கு ஊமைச்சாமி என்று பெயர் வைத்தது உனக்கே தெரியும். அதே ஆள் பட்டிமன்ற மேடையில் ஏறினால் நடுவர் மணி அடித்தும் இறங்க மாட்டான். ஆபீசர் புரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான், போனால் வடக்கே எங்காவது டிரான்ஸ்ஃபர், அப்புறம் மேடை ஏது. அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவாள், எனக்கு வருத்தம் கிடையாது. இத்தனை வருஷம் நோட்டு எண்ணி அலுக்காமல் இருந்தேன் என்றால் அதற்குக் காரணம் நோட்டு இல்லை, சாயங்காலம். கவுண்டரை மூடிவிட்டால் நான் வேறு ஆள்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, உனக்குச் சாயங்காலமே இல்லையேம்மா. மற்றவர்கள் வீடு திரும்புகிற நேரத்தில் உனக்கு மீட்டிங். நீ எந்த எழுத்தாக இருந்தால் என்ன, அந்த ஷிஃப்டில் எவளுக்கும் அந்தப் பச்சைப் பொம்மை போல ஜன்னல் பக்கம் உட்காரத்தான் தோன்றும். முதலில் ஷிஃப்டை மாற்றக் கேள். இல்லை என்றால் வேறு டீம் கேள். ஒரு மாதம் லீவு கேட்டு ஊருக்கு வா, நாகர்கோவில் ரயிலில் நான் டிக்கெட் போட்டுத் தருகிறேன். அப்புறமும் ஓவியம்தான் என்றால் ஓவியம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். எழுத்தைச் சொல்லாமல் காரணத்தைச் சொல், அவ்வளவுதான்.

பொதுவாகச் சொல்லி வைக்கிறேன், பேங்க்காரன் புத்தி. யாராவது ராஜினாமா பேப்பர் போட்டிருந்தால், பி.எஃப். பணத்தை எடுத்துவிடக் கூடாது, 5 வருஷம் முடியாமல் எடுத்தால் வரி பிடிப்பான், உனக்கு இன்னும் முடியவில்லை. கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு போய்விடும், அதற்கு முன்னாலேயே சொந்தமாக ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், எந்தத் தேதியோடு முடிகிறது என்று எனக்கு ஒரு வரி எழுதினால், இங்கே எஃப்.டி. ஒன்று முடிகிறது, அதைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பேன். தேதி எதுவும் இல்லை என்றால் இல்லை என்று எழுது, புதுப்பித்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா போன் செய்வாள், எடு. நான் இதெல்லாம் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அவள் படித்திருந்தாலும் படிக்காத மாதிரிதான் பேசுவாள். பருப்புப் பொடியும் சேவும் கூரியரில் போட்டிருக்கிறோம், செக்யூரிட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்.

அப்பா