புளுட்டோனியக் கணக்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், மூத்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, மிச்சத்தை நேரில் பேசுவோம்.

மின்சாரத்துக்குத்தானே அணு எரிபொருள் தயாரிக்கிறார்கள், அதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டிருந்தாய். அணுகுண்டு என்ற கோணத்தில் எனக்கு அணுமின் உலை மேல் பெரிய பயம் இல்லை. உள்ளே போகும் எரிபொருள் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், சீல் வைக்கலாம், கேமரா மாட்டலாம், ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும். எரிந்து வெளியே வந்த கம்பிகளைத் துண்டு துண்டாக வெட்டி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உலையில் உருவான, குண்டுக்கும் உதவும் புளுட்டோனியத்தைத் தனியே பிரிக்கிறார்களே, அங்கேதான் சிக்கல். அப்புறம் எண்ணுவதற்கு எதுவும் இல்லை, எல்லாம் குழாயில் ஓடும் திரவம். நகைப் பட்டறையில் சேதாரம் என்று கழிப்பார்களே, அதே மாதிரி கொஞ்சம் குழாயில் ஒட்டும், கொஞ்சம் கழிவோடு போகும். உண்மையில் எவ்வளவு போனது என்பதை அளவீட்டை நம்பித்தான் சொல்ல வேண்டும்.

இப்படிப் பிரித்த ஜப்பானின் டோக்காய் ஆலையைப் பார். 1977 முதல் பிரித்தெடுத்த ஏறத்தாழ 6,900 கிலோ புளுட்டோனியத்தில் 206 கிலோ கணக்கில் இடிக்கிறது என்று 2003இல் அரசே ஒப்புக்கொண்டது. யாரும் திருடியதாக இல்லை. மறுபடி கணக்குப் போட்டு 59 கிலோ என்று குறைத்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமை ஒரு குண்டுக்கு வைத்திருக்கும் அளவு 8 கிலோ. கணக்கு எழுதுவதில் அவ்வளவு ஒழுங்கான நாட்டிலேயே ஏழு குண்டுக்கான சரக்கு எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை! ரொக்காஷோவில் 1993இல் கட்டத் தொடங்கி, இருபது தடவைக்கு மேல் திறப்பு தள்ளிப்போன பெரிய ஆலை முழுவீச்சில் ஓடினால் ஆண்டுக்கு 8 டன் பிரிக்கும், அதில் ஒரு சதவீதம் பிசகினாலே பத்து குண்டு. இந்தப் புளுட்டோனியத்தை எரிக்கத்தான் என்று கட்டிய மொஞ்சு ஈனுலையை (எரித்துக்கொண்டே புதிதாகவும் புளுட்டோனியம் உண்டாக்கும் உலை) மூடுவதென்று 2016இல் முடிவு செய்துவிட்டார்கள். பிறகு எதற்கு இந்த ஆலை?

நம் கதை இன்னும் நேரடியானது. அமைதிப் பணிக்கென்று கனடா கொடுத்த சைரஸ் உலை, அதை ஓட்ட அமெரிக்கா கொடுத்த கனநீர், அதில் உருவான புளுட்டோனியம்தான் 1974இல் பொக்ரானில் வெடித்தது. அந்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1977இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் தன் நாட்டிலேயே வணிக ரீதியில் புளுட்டோனியம் பிரிப்பதை நிறுத்திவைத்தார். நம்மால் வந்தது என்பதற்காக அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையை நம் அணு நிலையங்களை மின்சாரத்துக்கு, ராணுவத்துக்கு என்று பிரித்த 2006 திட்டத்தில் முகமையின் கண்காணிப்புக்கு வெளியே வைத்தது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. மின்சாரத்துக்குத்தான் என்றால் திறந்து காட்டுவதில் என்ன தயக்கம்? நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். உன் பக்கத்து நியாயத்தை விவரமாக எழுது.

அன்புடன்,
ரவி