விமானிக்குக் கண்ணாடி: கடைக்குப் போகுமுன் காக்பிட்டை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களை ஓட்டுபவர்கள் பலர், வெள்ளெழுத்து வந்ததும் கண்ணாடிக் கடையில் பேப்பரைப் படித்துக் காட்டிவிட்டு மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு என்றிருக்கும் ஒரு பைஃபோகல் வாங்கிக்கொள்கிறார்கள். பேப்பரைப் பிடிப்பது 40 செ.மீ. தூரத்தில். காக்பிட்டின் கருவிப் பலகையான பேனலில், உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் இருப்பதோ கண்ணிலிருந்து ஏறக்குறைய 75 செ.மீ. தள்ளி. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

100ஐச் செ.மீ. தூரத்தால் வகுத்தால் தேவையான பிளஸ் பவர் கிடைக்கும். 40க்கு 2.50; 75க்கு 1.33. அறுபது வயதில் கண் தானாகக் கிட்டத்தில் குவிவது அநேகமாக நின்றுவிடும். அப்போது 2.50 கூட்டிய பைஃபோகல் போட்டால் மடியிலுள்ள வரைபடம் தெரியும், ஓடுபாதையும் தெரியும். பேனல் மட்டும் மேல்பாதி வழியாகவும் மங்கல், கீழ்ப்பாதி வழியாகவும் மங்கல். தூரம், நடுத்தூரம், கிட்டம் என மூன்று பட்டை கொண்ட ட்ரைஃபோகலில் நடுப்பட்டையின் கூடுதல் பவர் வழக்கமாகக் கீழ்ப்பட்டையில் பாதி. அதாவது 1.25, அது 80 செ.மீ.க்குச் சரியாக இருக்கும். பழைய மாடல் என்று கடைக்காரர் ஒதுக்கினாலும் கேட்டு வாங்குங்கள்.

கோடு இல்லாமல் மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாகக் கூடும் ப்ரோகிரெசிவ் லென்ஸும் ஆகும். ஆனால் அதன் கீழ் ஓரங்கள் இரண்டிலும் உருவம் நெளியும். இறங்குவதற்காக ஓடுபாதையை இடப்புறமாகச் சுற்றி வருகையில், கடைசித் திருப்பத்துக்கு முந்தைய குறுக்குப் பாதையான பேஸ் லெக்குக்குத் திரும்பும்போது ஓடுபாதையை இடது தோளுக்கு அப்பால், கீழே தேட வேண்டும். கண்ணை மட்டும் ஓட்டினால் பார்வை அந்த நெளிசலில்தான் போய் விழும். தலையையே திருப்பப் பழக வேண்டும், அதுவும் நிதானமாக; விமானம் சரிந்து திரும்புகையில் வெடுக்கென்று திருப்பினால் தலை சுற்றும். தரையில் நன்றாகப் பழகிய பிறகே இதைப் போட்டுக்கொண்டு பறக்க வேண்டும்.

நிறுத்தி வைத்த விமானத்தில், பறக்கும்போது வைக்கும் உயரத்திலேயே இருக்கையை வைத்து உட்காருங்கள். கண்ணிலிருந்து ஆல்டிமீட்டர், ரேடியோ, மடிப்பலகை, தலைக்கு மேல் படிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதுவும், டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பழைய கண்ணாடியில் செலோ டேப்பை ஒட்டி, பேனலின் மேல்விளிம்பு லென்ஸில் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். பட்டை தொடங்கும் கோடு அதற்குக் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறினால் இறங்கும் நேரத்தில் ஓடுபாதைக்குக் குறுக்கே வந்து நிற்கும்.

வெயிலுக்கு, பிரதிபலித்து வரும் கூசொளியை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸ் வேண்டாம். டிஜிட்டல் திரைகள் சில கோணங்களில் கறுத்துவிடும். இன்னொரு விமானத்தைக் காட்டிக்கொடுக்கும் பளபளப்பையும் அது விழுங்கிவிடும். வெயிலில் தானே கறுக்கும் லென்ஸுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். அதில் பெரும்பகுதியை முன்கண்ணாடி தடுத்துவிடுவதால் காக்பிட்டுக்குள் அது சரியாகக் கறுக்காது. 15 முதல் 30 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும் சாம்பல் நிறம் போதும். நிறங்களை அது அதிகம் மாற்றாது.

காதில் மாட்டும் கம்பி மெல்லியதாக, நேராக இருக்கட்டும். தடித்த கம்பி ஹெட்செட் குஷனைத் தூக்கிவிடும். அந்த இடுக்கில் இன்ஜின் சத்தம் புகும், ஒரு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டும் வலிக்கும். அகலக் கம்பி பக்கப் பார்வையையும் மறைக்கும்.

ஒரு கண்ணுக்குத் தூரம், மறுகண்ணுக்குக் கிட்டம் என்று பிரித்துப் போடும் கான்டாக்ட் லென்ஸோடு பறக்கவே கூடாது. 1996 அக்டோபர் 19இல் நியூயார்க் லாகார்டியாவில் எம்டி-88 பயணிகள் விமானம் ஓடுபாதைக்கு முன்பே மோதியதற்கு, கேப்டன் போட்டிருந்த அத்தகைய லென்ஸை அமெரிக்க விசாரணை வாரியம் காரணமாகக் குறித்தது.

கண்ணாடியோடு பறப்பவர் இன்னொரு கண்ணாடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. பின்சீட்டுப் பையில் கிடப்பது கைக்கெட்டாது. போன தடவைப் பவரில் செய்த கண்ணாடியை அந்த இடத்தில் வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பவரில் செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட்