ஒட்டாவாவிலிருந்து அண்ணாவுக்கு: டக்கோமாவும் உப்பும்

ஒட்டாவா
செப்டெம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ இப்போது எப்படி என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

ஹைலக்ஸ் பிக்கப் இருக்க இங்கே ஏன் டக்கோமா என்று கேட்டிருந்தீர்கள். கனடாவில் ஹைலக்ஸ் விற்பதில்லை, அவ்வளவுதான். டக்கோமாவும் டொயோட்டா பிக்கப்தான். 2016 முதல் 2023 வரை வந்த மொடலில் பெரும்பாலும் 3.5 லீற்றர் வி6 பெற்றோல் எஞ்சின். இந்த நாட்டில் அதற்கு டீசல் கிடையாது. வெளியே பார்க்க உங்கள் டபுள் கேப் ஹைலக்ஸ் மாதிரி. பாரத்தில்தான் வித்தியாசம். உங்களுடையது ஒரு தொன் சுமக்கும். டக்கோமாவின் சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தால் 4x4 வண்டிக்கு ஏறக்குறைய 500 கிலோதான் வரும். ஆட்களின் நிறையும் அதற்குள் அடக்கம். 75 கிலோப்படி ஐந்து பேர் ஏறினாலே 375 போய்விடும். பின்பெட்டிக்கு பைபர்கிளாஸ் கூடு போட்டால் இன்னொரு 80. பிறகு என்னத்தை ஏற்றுவது? இருந்தும் கூரையில் கூடாரம்வரை கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பின்வில் (பின்பக்க ஸ்பிரிங்) தொங்கி, ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவனின் கண்ணில் அடிக்கும்.

ஆனால் இந்த ஊரில் வண்டியைத் தின்பது உப்புத்தான். பனி விழுவதற்கு முன்பே தெருவில் உப்புக்கரைசல் தெளிப்பார்கள், விழுந்தபின் கல்லுப்புக் கொட்டுவார்கள். அது சேசியின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், உட்பக்கத்தில் போய்த் தங்கும். உறைகுளிரில் கறள் மெதுவாகத்தான் பிடிக்கும். சூடேற்றிய கராஜுக்குள் விட்டால் பனி உருகி, உப்புத்தண்ணீரில் வேலை மளமளவென்று நடக்கும். அதனால் மாரியில் வண்டியை வெளியே விடுவதே நல்லது. டொயோட்டா என்றால் இரும்பு என்று நம்பவேண்டாம். 2005–2010 டக்கோமாக்கள் சிலவற்றின் சேசி கறளால் ஓட்டை விழுந்து, அமெரிக்காவில் வழக்காகி, 2016 இல் 3.4 பில்லியன் டொலர் வரை மதிப்பிட்ட இணக்கத்துக்கு டொயோட்டாக்காரர் வந்தார்கள்.

நீங்கள் பருத்தித்துறையில் மீன்பெட்டி ஏற்றுவதால் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். கறளுக்கு எதிரான பூச்சை இங்கே குளிர் தொடங்குமுன், இந்த மாதத்தில் செய்வோம். முதலில் அடிப்பாகத்தை வேகமான தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் காயவிடவேண்டும். ஈரத்தின்மேல் அடித்தால் ஈரத்தையே உள்ளே பூட்டிவைத்ததாகும். பூசுவது லனோலின் கலந்த கொழுப்பு, அதாவது செம்மறி உரோமத்திலிருந்து எடுப்பது. அல்லது மெல்லிய சொட்டும் ஒயில். 4 லீற்றர் வாளி ஒன்று ஒரு வண்டிக்குத் தாராளம். கம்பிரசரும், நுனியில் நாலாபக்கமும் தெறிக்கும் நீண்ட குழாயும் தேவை. சேசியின் பக்கத்து ஓட்டைகளுக்குள் அந்தக் குழாயை முழுநீளத்துக்கும் விட்டு, அடித்தபடியே வெளியே இழுக்கவேண்டும். வெளிப்பக்கத்தை மட்டும் கறுப்பாக்கிப் படம் எடுப்பவர்கள் உண்டு. கறள் உள்ளிருந்துதான் வரும். பின்வில் பட்டை அமரும் இடம், ஸ்பெயார் சில்லுக்கு மேலுள்ள குறுக்குச்சட்டம், கதவுகளின் அடிமடிப்பு இவற்றை விடக்கூடாது. கதவுக்கு அடியிலுள்ள தண்ணீர் ஒழுகும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். பிரேக் தட்டு, சைலன்சர் குழாய், றப்பர் புஷ் ஆகியவற்றில் படவேண்டாம். ஒயில் பட்ட றப்பர் ஊதிப்போகும்.

தார்போல இறுகும் றப்பர்ப் பூச்சு வேண்டவே வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் அதற்கடியில் தண்ணீர் நிற்கும்; மேலே பளபளப்பு, கீழே தகரம் இராது. அங்கே சிலர் பூசுகிற கழிவொயிலும் கூடாது. அதில் அமிலமும் உலோகத்தூளும் இருக்கும், போதாததற்கு நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்தில் சொட்டினால் கிணற்றில்தான் போய்ச் சேரும். லனோலின் கிடைக்காவிட்டால் புது ஒயிலில் கொஞ்சம் கிறீஸைக் கரைத்து அடியுங்கள்.

ஸ்பெயார் சில்லைத் தூக்கிவைத்திருக்கும் சங்கிலியும் அடிக்கடி காலைவாரும். கறள் இறுகினால், காற்றுப்போன நாளில் சில்லு கீழே இறங்காது. வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் இறக்கி, சங்கிலிக்கும் சுற்றும் பொறிக்கும் கிறீஸ் போட்டு ஏற்றிவிடுங்கள். ஹைலக்ஸிலும் சில்லு அடியில்தான் தொங்குகிறது.

ரயர் விஷயம் அங்கே உங்களுக்குத் தேவைப்படாது, ஆனாலும் கேட்டீர்கள். ஆற்றுக்கு அக்கரையில் கியூபெக். அங்கே பதிந்த வண்டிக்கு டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மாரி ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை; போட்டால் காப்புறுதிப் பணத்தில் கழிவு கிடைக்கும். பலர் தனியாக இரும்பு றிம்மில் ஒரு செற் வைத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் ஒரு பொறி. டக்கோமாவின் அலோய் றிம்முக்கு வரும் நட்டு தட்டையான வாஷரோடு உட்காரும். இரும்பு றிம்முக்குக் கூம்பு நட்டு வேண்டும். பழைய நட்டையே போட்டு இறுக்கினால் பிடித்ததுபோல இருக்கும், ஓட ஓடக் கழன்றுவிடும். இறுக்கம் 113 நியூட்டன் மீற்றர். 80–100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பார்க்கவேண்டும். றிம் ஹப்போடு (சில்லைப் பூட்டும் நடுப்பகுதி) ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மெல்லியதாகக் கிறீஸ் தடவலாம். போல்டில் தடவினால் அதே அளவில் கூடுதலாக இறுகி, போல்ட் இழுபடும்.

பெரிய ரயர் ஆசையும் எல்லோருக்கும் உண்டு. 265/70ஆர்16 அளவு ரயருக்குப் பதிலாக 265/75ஆர்16 போட்டால் வண்டி 13 மில்லிமீற்றர்தான் உயரும். மீற்றர் 100 காட்டும்போது உண்மையில் 103க்கு மேல் ஓடும், பெற்றோலும் கூடும். குளிரில் காற்றும் இறங்கும்: 5.5 பாகைக்கு ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு). 20 பாகையில் அடித்த காற்று மறை 20 இல் ஏழு குறைந்திருக்கும்.

வெறும் பெட்டியோடு பனியில் போனால் பின்பக்கம் வழுக்கும். 120 கிலோ மண்மூட்டையைப் பின் அச்சுக்கு நேர்மேலே வைத்துக் கட்டுவார்கள். பின்கதவோரம் வைத்தால் முன்சில்லு இலேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. நாலுசில்லு இழுவையைக் காய்ந்த தாரில் போடக்கூடாது, திரும்பும்போது பற்சக்கரங்கள் ஒன்றையொன்று இறுக்கும். ஆனால் மாதம் ஒருமுறை, வழுக்கும் தெரு கிடைக்கும்போது, 16 கிலோமீற்றராவது அதில் ஓட்டவேண்டும். முன் டிபரன்சலுக்கு (முன்சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) ஒயில் சுற்ற வேறு வழியில்லை.

மறை 15 க்குக் கீழே போனால் எஞ்சின் சூடாக்கியின் வயரை வெளிச்சுவர்ப் பிளக்கில் செருகுவோம். இரவு முழுக்கத் தேவையில்லை. 400 வாற் சூடாக்கி மூன்று மணித்தியாலத்துக்கு 1.2 யூனிட் எடுக்கும். டைமர் போட்டால் காலைக்குச் சரி.

மாற்றங்களில் செலவு குறைந்தது பின்கதவுக்கு. அதைப் பாதி திறந்து வலப்பக்கத்தைத் தூக்கினால் கையோடு வந்துவிடும், கள்ளருக்கு வசதி. வலப்பக்கக் கீலில் ஒரு ஹோஸ் கிளிப் (குழாயை இறுக்கும் வளையம்) போட்டு இறுக்கினால் கழற்ற நேரமெடுக்கும். கமரா உள்ள கதவு என்பதால் இரண்டு டொலர் கிளிப் பெறுமதிதான். 2020க்கு முந்திய வண்டிகளில் சாரதி ஆசனத்தை உயர்த்த முடியாது. கால் நீட்டி உட்காரவேண்டியிருப்பதால் ஆசனத்துக்கு அடியில் ஓரங்குல இடைத்துண்டு போடுகிறார்கள். நீளமான போல்ட் பழையதன் பலத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். விபத்தில் ஆசனத்தைப் பிடித்துவைப்பது அதுதான்.

உங்கள் சேசியின் உட்பக்கத்தை ரோர்ச் அடித்துப் பார்த்து, பின்வில் பட்டை அமரும் இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பூச்சுப் போதும். மந்தமாகக் கேட்டாலோ துகள் உதிர்ந்தாலோ பூச முன்னர் வெல்டரிடம் காட்டி, என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி