நாலாவது ஊசி

பாளையங்கோட்டை
22-2-2026

அன்பு மகள் கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, யாழினிக் குட்டி எல்லாரும் சுகம்தானே? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். 34 வருஷம் தபால் இலாகாவில் சம்பளம் வாங்கியவன் பெற்ற மகளுக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டாமா? அதோடு, அம்மாவிடம் பேசி முடித்ததும், "அப்பாகிட்ட கொடுக்கட்டா" என்று அவள் கேட்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய். வேலை இருக்கும். குறையாகச் சொல்லவில்லை.

முதலில் ஒன்று. குட்டிக்கு நாலாவது நாய்க்கடி ஊசி போட்டாயிற்றா? பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. அம்மாவிடம் கேட்டால் "போட்டிருப்பா" என்கிறாள். போட்டாள் என்பது வேறு, போட்டிருப்பாள் என்பது வேறு. மாட்டுப் பொங்கல் அன்று முதல் ஊசி, 19ஆம் தேதி இரண்டாவது, 23ஆம் தேதி மூன்றாவது. மூன்றாவது போட்டதும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாய். நாலாவதுக்கு ஒன்றும் வரவில்லை. கடித்த நாய் பத்து நாள் தாண்டியும் நன்றாக இருந்தால் பயமில்லை என்று ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்தான். பஞ்சு இதோ என் நாற்காலிக்கு அடியில்தான் கிடக்கிறான். அவனுக்கு வருஷம் தவறாமல் ஊசி போட்ட புத்தகமும் பீரோவில் இருக்கிறது. ஆனாலும் ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டும் அம்மா. எனக்கு ஒன்பது வயதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். தாத்தா தினமும் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கொண்டுபோவார். பதினோராவது நாள் நான் அழவே இல்லை, அவர்தான் அழுதார். இப்போது நாலோடு போயிற்று, அதுவும் கையில். அந்த நாலில் ஒன்றை விட்டுவிடக் கூடாது.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களில் நீ ஒருத்திதான் நிதானமாக இருந்தாய். பெரியத்தை சுண்ணாம்பைக் கொண்டா என்று கத்துகிறாள், அம்மா மஞ்சள் டப்பாவைத் தேடுகிறாள். நீ யாரையும் காதில் வாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறவாசல் குழாயடிக்குப் போய், துணி சோப்பைப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினாய். அவள் அலறுகிறாள், உன் கை நடுங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரே, "யார் கழுவியது? நல்லா கழுவியிருக்கீங்க" என்றார். ஏளா, உனக்கு எங்கிருந்து வந்தது அந்த நிதானம்? என்னிடமிருந்து இல்லை. நான் தார்சாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியத்தை பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே. "பொம்பளப் பிள்ளை மூஞ்சியில தழும்பு" என்று அவள் இன்னும் நிறுத்தவில்லை. கன்னத்தில் எவ்வளவு தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. வீடியோவில் பார்த்தால் தெரிந்துவிடும். அம்மாவின் போனில் வருகிறபோது பின்னால் இருந்து எட்டிப் பார்ப்பேன், குட்டியின் அந்தப் பக்கம் சரியாகத் தெரியாது.

இங்கே செய்திகள். எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. ஆசாரியைக் கூப்பிட்டுப் பட்டாசலுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் அரைக்கதவு போட்டாயிற்று. என் நெஞ்சு உயரம். 3,200 ரூபாய் கேட்டார், கொடுத்துவிட்டேன். தாழ்ப்பாள் பட்டாசல் பக்கம் மேலே இருக்கிறது, பிள்ளைக்கு எட்டாது. பஞ்சுவுக்கு இரண்டாம் கட்டும் புறவாசலும். பட்டாசலும் மாடியும் மற்றவர்களுக்கு. இது நீ வருவதற்காகச் செய்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எப்படியும் தேவைதான். வாயில் மாட்டுகிற கூடு ஒன்றும் வாங்கினேன். மாட்டினால் சுவரில் போய் மூஞ்சியை முட்டுகிறான், அதனால் அது ஆணியில் தொங்குகிறது.

டைல்ஸில் அவனுக்குக் கால் நிற்கவில்லை. பின்னங்கால் இரண்டும் பிரிந்துகொண்டு போகிறது. சிவப்புத் தரை இருந்தவரை இந்தத் தொந்தரவு இல்லை. உன் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீதான் உடைக்கச் சொன்னாய். சரி, அதை இப்போது பேசி என்ன. அவன் நடக்கிற வழியெல்லாம் சாக்கு விரித்திருக்கிறோம். வீடு அரிசிக் கடை மாதிரி இருக்கிறது.

போன மாதம் 28ஆம் தேதி ஆட்டோ பிடித்து ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வா என்று சொன்னவர்கள் உண்டு. யார் என்று உனக்கே தெரியும். 2012இல் பிளஸ் டூ மார்க் வந்த கையோடு நீ அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த நாய். நான்தான் பார்த்துக்குவேன், நான்தான் குளிப்பாட்டுவேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். ஒரு வருஷம் பார்த்தாய். அப்புறம் காலேஜ், அப்புறம் வேலை, அப்புறம் சென்னை. பதின்மூன்றரை வருஷத்தில் பன்னிரண்டரை வருஷம் அவன் என்னோடுதான் இருக்கிறான். அவனை எப்படிப் பாலத்தைத் தாண்டி விட்டுவிட்டு வருவது?

அங்கே ஒரு டாக்டர் பெண், உன் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருக்கிறது. கடைவாய்ப் பல் இரண்டு ஆடுகிறது, ஈறு வீங்கியிருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை. காதுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார், இவன் திரும்பவே இல்லை. "உடம்பு முழுக்க வலியோடு இருக்கான்யா, பின்னால இருந்து யாராவது தொட்டா என்ன பண்ணுவான்?" என்றார். என் முட்டி வலி மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்த்தேன் என்றேன். அதற்குத் திட்டு. மனுஷர் மாத்திரை நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும், இனிமேல் தொடக் கூடாது என்று நாய்க்கென்றே இருக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலே நாளில் தார்சாப் படி ஏறினான். நீ பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பெண் கேட்டார்: "கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமினானா?"

இல்லை என்றேன்.

"முன்னெல்லாம் உறுமுவானா?"

உறுமுவான் என்றேன்.

"எப்போ நிறுத்தினான்?"

நான் பதில் சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்ததும் அதனால்தான். இப்போது எழுதிவிடுகிறேன்.

தீபாவளிக்கு நீ வந்தபோது குட்டி பக்கத்தில் போனாலே அவன் உறுமினான் அல்லவா? "இப்படி உறுமினா எப்படிப்பா பிள்ளையை விடறது" என்று நீ கேட்டாய். சாதாரணமாகத்தான் கேட்டாய். பொங்கலுக்கு வரமாட்டாய் என்று எனக்குப் பட்டுவிட்டது. நீ ஊருக்குப் போன மறுநாளிலிருந்து தினத்தந்தியைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். உறுமினால் மூக்கில் ஒரு அடி. தட்டை நகர்த்தினால் உறுமுவான், அடி. இடுப்பைத் தொட்டால் உறுமுவான், அடி. வலியில்தான் உறுமினான் என்று எனக்கு அப்போது தெரியாது. மார்கழி பிறப்பதற்குள் சத்தமே இல்லாமல் ஆகிவிட்டான். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், பார், எப்படித் திருத்திவிட்டேன் என்று. உன்னிடமும் போனில் சொன்னேன். அதை நம்பித்தான் நீ வந்தாய்.

"அவன் பேசுறதுக்கு இருந்த ஒரே வழியை அடைச்சிட்டீங்களேய்யா" என்றார் அந்த டாக்டர் பெண். நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. குட்டி வாலைப் பிடித்து இழுத்தாள் என்று அன்றைக்குச் சொன்னது நான்தான். அவள் இழுக்கவில்லை. நான் அந்த அறையில்தான் இருந்தேன், நீ என்னை நம்பித்தான் குளிக்கப் போனாய். பஞ்சு படுத்திருந்தான். குட்டி பின்பக்கமாகப் போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், உன் கழுத்தைக் கட்டிக்கொள்வாளே, அப்படி. அவன் உடம்பு விறைத்தது. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பினான், நாக்கால் உதட்டை நக்கினான், கண்ணில் வெள்ளை தெரிந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். உறுமவில்லையே, சரியாகத்தான் இருக்கிறான் என்று உட்கார்ந்திருந்தேன். போனில் ஒரு போட்டோ எடுக்கலாம் என்று கண்ணாடியைத் தேடினேன். அதற்குள் ஆகிவிட்டது.

எல்லாரும் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது என் வாயில் வந்தது, வாலை இழுத்தாள் என்பது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, "இனிமே வாலை இழுப்பியா, இழுப்பியா" என்று நீ அவள் கையில் ஒரு அடி போட்டாய். கன்னத்தில் மருந்துப் பஞ்சு ஒட்டிய பிள்ளை. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று ராத்திரி அவள் என்னிடம் வந்து, "தாத்தா, வால் இல்ல" என்றாள். இரண்டரை வயசுப் பிள்ளை. நான் அவளைத் தூங்கு என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நீ சொல்வதென்றால் சொல்லலாம்.

மே மாதம் வருவதும் வராததும் உன் இஷ்டம். நெல்லை எக்ஸ்பிரஸில் 60 நாளுக்கு முன்னால்தான் புக்கிங் திறக்கும், திறந்த அன்றே தீர்ந்துவிடும். அதற்காகச் சொன்னேன், அவசரப்படுத்தவில்லை. வந்தாலும் அரைக்கதவு மூடியேதான் இருக்கும். பிள்ளையையும் நாயையும் ஒரே இடத்தில் விட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட யாரும் நகரக் கூடாது, நான் இருக்கிறேன் என்று சொன்னாலும் நம்பாதே. அங்கே உங்கள் பிளாட்டிலும் லிப்டில் யாராவது நாயோடு வந்தால் அடுத்த லிப்டில் போ. கடிக்காது என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

குட்டியிடம் சொல்லிவிடு, அவள் வாலை இழுக்கவில்லை என்று. தாத்தா சொன்னதாகவே சொல்.

நேற்று சாயங்காலம் பஞ்சுவின் பின்னங்காலைத் துடைக்கக் குனிந்தேன். தொண்டைக்குள்ளேயே லேசாக உறுமினான். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தான், அதில் பேப்பர் இருக்கிறதா என்று. நான் துணியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

நாலாவது ஊசிச் சீட்டை அம்மாவின் போனுக்காவது அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா